தண்ணீர் புகும் கலம்: கட்டுமரத்தின் கதை

சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு நாள், நானும் நண்பர் ஒருவரும் எங்கள் குடும்பத்தாருடன் அரியாங்குப்பம் ஆற்றின் கழியில் படகு ஓட்டிப் பார்க்கப் போயிருந்தோம். புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக இப்போது 'கயாக்' என்னும் சிறிய பிளாஸ்டிக் படகுகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஆளுக்கொரு துடுப்பு, மேலே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். நண்பரின் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் ஏறி உட்கார்ந்த உடனே கூச்சலிட்டாள். "மாமா, இதுல ஓட்டை இருக்கு! தண்ணி உள்ள வருது!"

உண்மைதான். அந்தப் படகின் மேல்தளத்தில் நான்கு துளைகள் இருந்தன. அவற்றின் வழியே விரற்கடை அளவு தண்ணீர் மேலே வந்து அவள் பாவாடையை நனைத்திருந்தது. ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை. படகுக்காரர் வீராம்பட்டினத்து மீனவர்; ஐம்பது வயதிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பயப்படாதம்மா, முழுவாது. இது எங்க கட்டுமரந்தான். பேருதான் வேற வச்சிருக்காங்க."

இயற்பியல் ஆசிரியனாகிய நான் சொல்லியிருக்க வேண்டிய விளக்கத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்! அந்தக் கயாக் படகின் உடல் நான்குபுறமும் அடைக்கப்பட்ட காற்றுப் பெட்டி போன்றது. துளைகள் அந்தப் பெட்டிக்குள் திறப்பதில்லை. அதை ஊடுருவி மேலிருந்து கீழே போகும் குழாய்கள் அவை. மேல்தளத்தில் விழும் நீர் அவற்றின் வழியே வடிந்துவிடும். வெளியே நீர்மட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் குழாயிலும் நீர் ஏறும். இறைத்துக் கொட்ட வேண்டிய வேலையே இல்லை. இந்த வகைக் கயாக் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவானது. ஆனால் 'தண்ணீரை உள்ளே விடாதே' என்று போராடுவதற்குப் பதிலாக 'வந்த தண்ணீர் போகட்டும்' என்று விட்டுவிடும் அந்தத் தந்திரம் சோழமண்டலக் கரைக்கு மிகப் பழையது. அந்தப் பழைய கலத்தின் கதையைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் துடுப்புப் போட்ட இடமும் இந்தக் கதைக்குப் பொருத்தமான இடம்தான். செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. வடக்குக் கிளையின் கரையில் மாமரங்களும் தென்னைகளும் சூழ்ந்த ஒரு மேடு இருக்கிறது. அதுதான் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கே அகழாய்வு செய்தார்கள். ரோமானியரின் மது ஜாடிகளும், இத்தாலிய நாட்டு மட்கலங்களும், மணிகள் செய்த தொழிற்கூடத்தின் எச்சங்களும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேட்டில் வரும் 'பொதுகே' என்ற துறை இதுவே என்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தக் கையேட்டில் இந்தக் கரையில் ஓடிய கலங்களைப் பற்றியும் ஒரு குறிப்பு வருகிறது. கரையோரமாக ஓடும் உள்ளூர்க் கலங்கள். ஒற்றை மரங்களைச் சேர்த்துப் பிணைத்த 'சங்கரா' என்னும் பெரிய கலங்கள். கங்கைக்கும் அதற்கு அப்பாலும் போகும் மிகப் பெரிய கப்பல்கள். மரங்களைச் சேர்த்துப் பிணைத்தது என்றவுடன் நமக்குக் கட்டுமரம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவசரப்படக் கூடாது. அவை மிகப் பெரியவை என்றும் அந்நூல் சொல்வதால், இரண்டு குடைமரத் தோணிகளை இணைத்த கலமாக அது இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. சங்க இலக்கியத்தில் திமில், அம்பி, தோணி, வங்கம், நாவாய் என்று பல பெயர்கள் வருகின்றன. நெய்தல் நிலத்துப் பரதவர் மீன்பிடிக்க ஏறிப் போனது பெரும்பாலும் திமிலில்தான். அந்தத் திமிலின் வடிவம் எப்படி என்று அளந்து சொல்ல நம்மிடம் ஒரு திமிலும் மிஞ்சவில்லை. மரம் மட்கிவிடும், மட்கலம்தான் நிற்கும். கடல் வரலாற்றை ஆராய்பவர்களின் பெரிய தொல்லை இது.

இனிக் கட்டுமரத்தைப் பார்ப்போம். பெயரிலேயே அதன் பொறியியல் இருக்கிறது: கட்டு, மரம். ஆணி இல்லை, பலகை இல்லை, தார் இல்லை. இலேசான மரத்தின் அடிமரங்களை மூன்று முதல் ஐந்து வரை எடுத்து, செதுக்கி, முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் கயிற்றால் பிணைத்துவிடுவார்கள். நடுமரம் நீளமாகவும் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். ஓரத்து மரங்கள் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். ஆகவே மேற்புறம் ஆழமில்லாத தொட்டி போல் ஆகிறது. முன்புறம், அதாவது அணியத்தில், கூராகச் செதுக்கிய துண்டுகளைச் சேர்த்து மூக்கை மேலே தூக்கியிருப்பார்கள். அலையைக் கிழித்து ஏற அது உதவும். மீனவர் அதன்மேல் முழந்தாளிட்டுத் துடுப்புப் போடுவார். காற்று சாதகமாக இருந்தால் முக்கோணப் பாய் ஒன்றையும் விரிப்பார்.

இது எவ்வளவு பாரம் தாங்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டுமரத்தில் உள்ள மரத்தின் மொத்தக் கன அளவு 0.9 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலேசான உலர்ந்த மரம் கன மீட்டருக்கு 450 கிலோ என்று கொண்டால் கட்டுமரத்தின் எடை 405 கிலோ. கடல்நீர் கன மீட்டருக்கு 1,025 கிலோ. முழுவதும் அமிழ்ந்தால் கட்டுமரம் வெளியேற்றும் நீரின் எடை ஏறத்தாழ 922 கிலோ. ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி, மீதமுள்ள 517 கிலோதான் அது சுமக்கக்கூடிய பாரம். மூன்று ஆட்கள் 180 கிலோ. நனைந்த வலை, பாய், கொம்பு எல்லாம் சேர்த்து 100 கிலோ. மிச்சம் 237 கிலோ மீனுக்கு. ஏழைக் குடும்பத்துக்கு அது நல்ல பாடுதான்.

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான செய்தி ஒளிந்திருக்கிறது. பலகைப் படகு மிதப்பது அதன் உள்ளே இருக்கும் காற்றினால். அலை உள்ளே புகுந்து காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் படகின் மிதப்பே போய்விடும். கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்பதே கிடையாது. ஆள் உயர அலை மேலே விழுந்தாலும், அந்த நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். மிதப்பு குறைவதில்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு மறுபடியும் ஏறிக்கொள்ளலாம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வைத்திக்குப்பத்தில் என் பழைய மாணவர் ஒருவரின் தந்தை இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், நாற்பது ஆண்டுகள் கட்டுமரம் ஓட்டியவர். அவரிடம் இந்த 517 கிலோ கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அது காலையில சார். மத்தியானம் திரும்பி வரும்போது மரம் தண்ணி குடிச்சிருக்கும்ல? கரைக்கு வந்ததும் கட்டை அவுத்து, ஒவ்வொரு மரமா வெயில்ல உருட்டிப் போட்டாத்தான் மறுநாளு ஏறும்."

நான் விட்டுவிட்ட மாறியை அவர் கண்டுபிடித்துவிட்டார். 405 கிலோ மரம் ஊறி 100 கிலோ நீரை உறிஞ்சிக்கொண்டால், மீனுக்கு மிச்சமிருந்த 237 கிலோ 137 ஆகிவிடும். ஆகவே தினமும் அவிழ்த்து உலர்த்துவது சடங்கு அல்ல, தேவை. அவிழ்ப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 400 கிலோ கலத்தை மணலில் இழுக்க ஒரு கூட்டமே வேண்டும். ஐந்தாகப் பிரித்தால் ஒரு மரம் 80 கிலோ. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் தோளில் தூக்கிப் போய்விடலாம். ஒரு குடும்பத்தின் தோள்வலிமைக்கு அளவெடுத்துச் செய்த கலம் இது. பெரும்பாலும் தகப்பனும் மகனும், மாமனும் மைத்துனனும்தான் ஒரு மரத்தில் போவார்கள். பையன்கள் கரையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு அலையில் விளையாடியே துடுப்பைக் கற்றுக்கொண்டார்கள். வந்த மீனைப் பெண்கள் கூடையில் சுமந்து நகருக்குள் விற்றார்கள்.

நேரமும் இயற்கையிடமிருந்து கடன் வாங்கியதுதான். இரவில் நிலம் கடலைவிட விரைவில் குளிர்கிறது. ஆகவே விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அந்தக் காற்றில் பாய் விரித்துக் கடலுக்குள் போவார்கள். பகலில் நிலம் சூடேறியபின் காற்று திரும்பும். அந்தக் கடற்காற்றில் வீடு திரும்புவார்கள். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு படம் போட்டு நாம் விளக்கும் நிலக்காற்றும் கடற்காற்றும் அவர்களுக்குப் போகவர வண்டி.

அது சரி, இவ்வளவு எளிய கலம் ஏன் குறிப்பாக இந்தக் கரையில் நிலைத்தது? விடை அலையில் இருக்கிறது. புதுச்சேரிக்கு எதிரே தீவு இல்லை, வளைகுடா இல்லை, பாறைத்தடை இல்லை. வங்கக் கடலின் அலை நேராக மணற்கரைக்கு வருகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறையும். இரண்டு மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் வரும் அலை, ஒரு மீட்டர் ஆழத்தில் 3.1 மீட்டர் வேகத்தில்தான் வரும். முன்னே போனது தயங்க, பின்னே வருவது நெருக்க, அலை செங்குத்தாகி முடிவில் தலைகுப்புற உடைகிறது. ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். கரைக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே எப்போதும் கொந்தளிக்கும் இந்தப் பட்டையைத் தாண்டாமல் யாரும் கடலுக்குப் போகவும் முடியாது, வரவும் முடியாது.

ஐரோப்பியருக்கு இது பெரும் தலைவலியாக இருந்தது. 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிலைநிறுத்தினார். அதன்பின் 200 ஆண்டுகளுக்குக் கப்பல்கள் எல்லாம் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரமிட்டன. ஆளையும் சரக்கையும் இறக்க உள்ளூர்ப் படகோட்டிகளைத்தான் நம்ப வேண்டும். புதுச்சேரியில் அந்தப் படகுக்குச் 'சலங்கு' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதைச் 'செலாங்கு' என்றார்கள். சென்னையில் அதையே மசூலாப் படகு என்றார்கள். அதுவும் ஆணியில்லாத கலம்தான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தது. அலை அறைந்தால் அது வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு விறைத்து நின்று பிளந்துவிடும். கட்டுமரமோ அதற்கும் மேல். சலங்கே போக முடியாத கொந்தளிப்பிலும் கட்டுமரக்காரர் போய்வருவார். சென்னைத் துறையில் அவர்கள் நீர்புகாத தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கப்பல்களுக்குச் சென்றதை மேனாட்டுப் பயணிகள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

பெரிய கப்பல்களின் கதி என்ன தெரியுமா? 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படை புயலில் சிக்கியது. பல போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு வாரத்தில் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது என்பது வேறு கதை. புயலுக்கு எதிரே கட்டுமரமும் நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது கடலோடு மல்லுக்கு நிற்கும் கலம் அல்ல. கடல் இடம் கொடுக்காத நாளில் மரங்கள் பிரித்த நிலையில் கரை மேட்டில் கிடக்கும்.

அலையைத் தாண்டாமல் அதன் தலைக்குமேலே போய்விடலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் 1866-ல் இரும்புத் தூண்களின்மேல் ஒரு நீண்ட கடற்பாலம் கட்டினார்கள். அது 1952-ன் புயலில் அழிந்தது. அதன் தூண்களின் மிச்சங்கள் கடற்கரைச் சாலைக்கு எதிரே இன்றும் நீருக்கு மேல் தலைநீட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 1962-ல் தெற்கே புதிதாகக் கட்டிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.

கட்டுமரத்தின் பெயர் கப்பலேறிய கதை வேடிக்கையானது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் இந்தக் கரையின் 'கட்டமரானை' வருணித்தார். ஒருவன் மட்டும் ஏறக்கூடிய, கால்கள் எப்போதும் நீரில் நனைந்தே இருக்கும் சிறு கலமாக அது அவருக்குத் தெரிந்தது. சொல் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது, பொருள்தான் தங்கவில்லை. 1804 அக்டோபரில் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் அமைத்துத் தந்தவை அவை. நீர்மட்டத்தோடு தாழ்ந்து மிதந்ததால் அவற்றுக்கும் 'கட்டமரான்' என்றே பெயர்! அவை பெரிய சேதம் எதையும் விளைவிக்கவில்லை.

பிறகு 1876-ல் நியூயார்க்கில் நடந்த பாய்மரப் போட்டியில் நதானியேல் ஹெரஷாஃப் என்பவரின் 'அமரில்லிஸ்' என்ற படகு மற்றவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. இடையில் வெளி விட்டு இணைத்த இரண்டு ஒடுங்கிய உடல்கள் கொண்ட படகு அது. இத்தகைய இரட்டைப் படகுகளுக்கே 'கட்டமரான்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகெங்கும் ஓடும் இரட்டை உடல் பயணக் கப்பல்களுக்கும் அதே பெயர்தான். உண்மையில் அவற்றின் முன்னோர் பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணிகள். நமது கட்டுமரத்தில் இரண்டு உடல்களும் இல்லை, இடைவெளியும் இல்லை. கலம் அவர்களுடையது, பெயர் நம்முடையது. பெயர் கொடுத்த பெருமையில் மேடையில் மகிழ்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

கட்டுமரத்தின் உண்மையான உறவினர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். இலங்கையில் தெப்பம், பிரேசிலின் வடகிழக்குக் கரையில் பாய் கட்டிய 'ஜங்கடா', தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பால்சா மரத் தெப்பங்கள். இவையும் பெரும்பாலும் அலை உடையும் திறந்த கரைகளில் வளர்ந்தவையே. 1947-ல் நார்வே நாட்டு தோர் ஹெயர்தால் ஐந்து தோழர்களுடன் ஒன்பது பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்த 'கான்-டிக்கி' தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டார். மரம் ஊறி மூழ்கிவிடும், கயிறு தேய்ந்து அறுந்துவிடும் என்று எச்சரித்தவர்கள் பலர். இரண்டும் நடக்கவில்லை. 101 நாள் கழித்துத் தெப்பம் பசிபிக் தீவு ஒன்றின் பவளப் பாறையைத் தொட்டது. மேலே விழுந்த அலையெல்லாம் மரங்களின் இடுக்கில் வடிந்தது. வைத்திக்குப்பத்துப் பெரியவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருந்திருக்காது.

நம் நாட்டுக் கலங்களை முறையாக அளந்து வகைப்படுத்தியவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றியவர். இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1920-ல் வெளியாயிற்று. சோழமண்டலக் கட்டுமரத்துக்கும் ஆந்திரக் கரையின் கட்டுமரத்துக்கும் உள்ள வேறுபாடுகளை இன்று நாம் தெளிவாக அறிய முடிவதற்கு அவருடைய உழைப்பு ஒரு முக்கியக் காரணம். நாம் நம் கடற்கரையில் தினமும் பார்த்ததை அளந்து எழுத வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது!

இனி வருவது நம் காலத்துக் கதை. 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டம் என்ற பன்னாட்டு முயற்சி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. கரையிலேயே இறக்கக்கூடிய எந்திரப் படகுகளை வடிவமைப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஃபைபர் கண்ணாடிப் படகுகள் மெல்ல மெல்லப் பரவின. அவை ஊறுவதில்லை, அதிக தூரம் போகும், அதிக மீன் கொண்டுவரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையிலிருந்த கட்டுமரங்கள் ஏராளமாக அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பங்கு ஃபைபர் படகுகளே. இலேசான மரமும் விலையேறிவிட்டது. இப்போது தெர்மோகோல் துண்டுகளைச் சாக்கில் சுற்றிக் கட்டி அதன்மேல் போகிறவர்களும் உண்டு. பழைய தத்துவம், புதிய பொருள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறதல்லவா? எந்திரமில்லாத பாரம்பரியக் கலங்களுக்கு அந்தத் தடை இல்லை.

ஆகவே கட்டுமரத்தை வீழ்த்தியது எந்திரம்தான் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் புதுச்சேரியில் இன்னொரு காரணமும் உண்டு. அது மணல்.

உங்கள் ஊர்க் கடற்கரையில் நின்று ஓர் அலையைக் கவனித்துப் பாருங்கள். அது கரைக்கு நேர்ச்செங்குத்தாக வருவதில்லை. சற்றுச் சாய்ந்தே வரும். சாய்வாக ஏறிய நீர், சரிவில் நேராக இறங்கும். ஏறும்போது மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் கொண்டுபோகும். இறங்கும்போது பழைய இடத்தில் விடாது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்துகள் இப்படிப் பல் பல்லாக நடக்கிறது. தென்கிழக்கிலிருந்து அலை வரும் மாதங்களில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போகும் மாதங்கள் அதிகம். ஆகவே ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் புதுச்சேரியைக் கடந்து வடக்கே செல்கிறது. கடற்கரை என்பது நிற்கும் பொருள் அல்ல, ஓடும் ஆறு. தெற்கிலிருந்து வரவு, வடக்கே செலவு. இரண்டும் சமமாக இருக்கும்வரை கரை இருந்த இடத்தில் இருப்பதுபோல் நமக்குத் தோன்றும்.

1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் தடுப்புகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். வரவு நின்றது. தெற்கே வீராம்பட்டினப் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே செலவு மட்டும் தொடர்ந்தது. நகரின் முன்னாலிருந்த மணல் போயிற்று. அலை சாலையைத் தொடாதிருக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் சாலை பிழைத்தது. அரிப்பு கல் முடிந்த இடத்துக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அது வடக்கே ஊர்ந்தது. அதையும் தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக் குப்பங்களுக்குள்ளும் போயிற்று. தெற்கே சேரும் மணலை வாரி வடக்கே போடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது தேவைப்பட்ட அளவுக்கு நடக்கவில்லை. 2004-ல் சுனாமி வந்தபோது அந்தக் கற்சுவர் நகரின் நடுப்பகுதியைக் காத்தது என்பதும் உண்மை. கல்லே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் கட்டுமரத்துக்குக் கல் ஆகாது. அலையின்மேல் சறுக்கி வந்து மணலில் உரசி நிற்பதற்காகச் செய்த கலம் அது. கரையே அதன் துறைமுகம்; அவிழ்த்த மரம் உலர்வதற்கு வெயில் படும் மணல்மேடு அதன் பணிமனை. விசைப்படகுகளுக்குத் துறைமுகம் கிடைத்தது. அதே துறைமுகத்தின் தடுப்புகளால் கட்டுமரத்துக்கு இருந்த துறைமுகம் போயிற்று. ஃபைபர் படகு தேங்காய்த்திட்டுக்குப் போய் நின்றுகொள்ளலாம். துடுப்பாலும் பாயாலும் ஓடும் கட்டுமரம் வைத்திக்குப்பத்திலிருந்து தினமும் தேங்காய்த்திட்டுக்குப் போய்த் திரும்புவது எப்படி?

2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் தடை ஒன்றை இறக்கினார்கள். அலையின் வலுவைக் குறைத்து மணலைத் தங்கவைப்பது அதன் நோக்கம். காந்தி சிலைக்கருகில் மறுபடியும் மணல் சேர்ந்தது. முப்பது ஆண்டுக்குப் பின் அங்கே குழந்தைகள் மணல்வீடு கட்டினார்கள். என் மகனும் கட்டினான். அந்த மணல் வைத்திக்குப்பம்வரை எட்டவில்லை.

அந்தப் பெரியவரின் வீட்டு வாசலில் ஒரு நீண்ட கட்டை கிடக்கிறது. இரண்டு முனையிலும் கயிறு அழுந்திய தடம். அவருடைய கடைசிக் கட்டுமரத்தின் நடுமரம் அது; இப்போது உட்காரும் பலகை. ஓர மரங்களை விறகுக்குப் போட்டாயிற்றாம். அதன்மேல் உட்கார்ந்துதான் என் கணக்கைத் திருத்தினார். "மறுபடியும் ஒரு மரம் கட்டலாமே ஐயா, மலைவேம்பு கிடைத்தால்?" என்று கேட்டேன்.

"கட்டலாம் சார்," என்றார். எதிரே பத்தடி தூரத்தில் கருங்கற்கள் மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. "கட்டி எங்க ஏத்துறது? கல்லு மேலயா?"